பழைய திரைப்படங்களில் தொழிலாளர் போராட்டம் : பூசலின் முடிவு குறித்த ஓர் ஆய்வு

திரைப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1895ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் தம் தொழிற்சாலை வாயிலின் எதிரே படக்கருவியை நிறுத்தி, வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளரைப் படமாக்கினர். ஒரு நிமிட நேரமும் ஓடாத அப்படம், அவ்வாண்டு திசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பாரிசு நகரில் கட்டணம் செலுத்திய மக்கள்முன் காட்டப்பெற்ற படங்களுள் ஒன்று. வாயிற்கதவு திறக்கின்றது, பெண்டிரும் ஆடவரும் விரைந்து வெளியேறுகின்றனர், நாயொன்றும் அவர்களிடையே ஓடுகின்றது. பூசல் ஏதும் இதன்கண் இல்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. படம் எடுத்தவர் ஆலையின் உரிமையாளர். எடுக்கப்பெற்றவர் அவரிடம் கூலிக்கு உழைத்தவர். திரையில் முதன்முதல் தோன்றிய தொழிலாளர், முதலாளியின் கருவி கண்டவாறே தோன்றினர்.

பின்னர் வந்த படங்கள் சிலவற்றில் அதே வாயில் அடைபட்டது. அதன் முன்னே தொழிலாளர் கூடி நின்றனர். படைஞரும் காவலரும் வந்தனர். அத்தகைய படங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவையனைத்தையும் தொகுத்துரைத்தல் எம் நோக்கமன்று. பூசல் எவ்வாறு முடிகின்றது என்னும் ஒரு வினாவை முன்வைத்துச் சில படங்களை மட்டுமே காண்போம். தொடக்கத்தைப் பொறுத்தவரை இப்படங்கள் தம்முள் பெரிதும் வேறுபடுவன அல்ல. கூலி குறையும், வேலை நேரம் மிகும், ஒருவர் இறப்பார் அல்லது பழி சுமத்தப்படுவார், உடனே எந்திரங்கள் நிற்கும். முடிவிலேயே அவை பிரிகின்றன. படம் எடுத்தவர் யார், பொருள் கொடுத்தவர் யார், காட்ட இசைவு அளித்தவர் யார் என்பனவெல்லாம் அம்முடிவிலேயே புலனாகின்றன.

தமிழ் பயின்றார்க்குப் பூசலும் அதன் தீர்வும் புதிய பொருள் அல்ல. பகை மூண்ட இருவரைச் சந்து செய்விக்கும் புலவரைப் புறநானூறு காட்டுகின்றது. உறையூரில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் அதனை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர்கிழார் பாடியது (45) துணைவஞ்சித் துறையின்பாற்படும். அவர் எடுத்துக்காட்டும் காரணம் ஒன்றே. பொருவோர் இருவரும் ஆத்திக் கண்ணி சூடிய சோழர் குடியினர். ஆதலின் எவர் தோற்பினும் இழிவு அக்குடிக்கே உரியதாம். இக்காரணம் வலிமையுடையது. ஆயின் அதன் வலிமையெல்லாம் பொருவோர் இருவரும் ஒரு குடியினர், ஒத்த நிலையினர் என்பதிலேயே அடங்கியிருக்கின்றது. ஆலை உடையானும் அதில் உழைப்பானும் அங்ஙனம் ஒத்தவராவரோ? இவ்வினாவை நெஞ்சில் இருத்திக்கொண்டு படங்களை அணுகுவோம்.

வேலைநிறுத்தத்தையே தலைப்பாகவும் பொருளாகவும் கொண்ட பெரும்படம், செர்கேய் ஐசன்ஸ்டைன் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேலைநிறுத்தம்' என்னும் உருசிய ஊமைப்படம். அவர் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே. புரட்சிக்கு முற்பட்ட காலத்து ஆலையொன்றில் நிகழும் கதை ஆறு பகுதிகளாக அமைகின்றது. 25 ரூபிள் மதிப்புள்ள அளவைக் கருவியொன்று களவு போகின்றது. திருடன் என்று பழி சுமத்தப்பெற்ற தொழிலாளி ஆலைக்குள்ளேயே தூக்கிட்டு இறக்கின்றான். வேலை நிற்கின்றது. 8 மணி நேர வேலை, சிறுவர்க்கு 6 மணி நேர வேலை, கூலியில் 100க்கு 30 உயர்வு முதலியவற்றைத் தொழிலாளர் கேட்கின்றனர். அக்கோரிக்கைத் தாள் பங்குதாரர் கையில் படும் பாட்டினை ஐசன்ஸ்டைன் காட்டும் முறை நம்மவர் அங்கதச் சுவைக்கு மிக நெருங்கியது. சுருட்டும் மதுவுமாக வீற்றிருக்கும் அவர்கள், சிந்தியதைத் துடைப்பதற்கு அத்தாளைப் பயன்படுத்துகின்றனர். எலுமிச்சம்பழம் பிழியும் கருவியொன்றினை அவர்கள் கையாளுங்கால், குதிரை வீரர் தொழிலாளரை நெருக்கும் காட்சி இடையிடையே வருகின்றது.

இப்படத்தில் தனித்தலைவன் இல்லை. இறந்தவன் பெயரையன்றி வேறு எத்தொழிலாளியின் பெயரும் நினைவில் நில்லாது. கூட்டமே தலைவன். காப்பியத் தலைமக்களின் இலக்கணம் பயின்ற நமக்கு இது வியப்பளிப்பது. தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார் என்பது அகத்திணையியலால் அறியப்படும். வினைவலரே தலைமக்களாகும் இலக்கியம் எம்மொழியிலும் காலத்தால் பிற்பட்டதே. திரைப்படத்திலோ அக்கலை தோன்றி முப்பது ஆண்டுகளில் வந்துவிட்டது.

படத்தின் நான்காம் பகுதி எமக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. வெளிநாட்டு அறிஞர் பெரும்பாலும் இறுதிப் பகுதியையே பாராட்டுவர். நான்காம் பகுதியில் முழக்கம் இல்லை; பசியே உண்டு. முதல் நாட்களின் மகிழ்ச்சி தேய்கின்றது, அடுப்பு எரியவில்லை, வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விற்பனைக்குச் செல்கின்றன, கணவனும் மனைவியும் சினந்து பூசலிடுகின்றனர். வேலைநிறுத்தம் வீட்டினுள்ளே எவ்வாறு நடக்கின்றது என்பதை இவ்வளவு கூர்ந்து காட்டிய படம் அக்காலத்தில் மற்றொன்று இல்லை எனலாம். பின்னர் ஒற்றரும் கலகமூட்டுவோரும் புகுகின்றனர், மதுக்கடை தீயிடப்படுகின்றது, தீயணைக்க வந்த நீர்க்குழாய்கள் தொழிலாளர்மீதே திருப்பப்படுகின்றன. முடிவில் படைஞர் மக்களைக் கொன்று குவிப்பதும் கொட்டிலில் காளை அறுபடுவதும் மாறி மாறித் திரையில் தோன்றுகின்றன. சந்து செய்விப்பார் ஒருவரும் இல்லை. தோல்வியே முடிவு. ஆயினும் அத்தோல்வியைக் காண்போர், புரட்சி வென்ற நாட்டில் அமர்ந்து கண்டவர். அவர்க்கு அது பழைய கடன் ஒன்றினை நினைவூட்டும் தோல்வி. அரசே பொருள் தந்து எடுப்பித்த தோல்வி. இவ்வேறுபாட்டை மறந்து இப்படத்தின் துணிவைப் புகழ்தல் முழு நேர்மையாகாது.

மறு ஆண்டில் புதோவ்கின் இயக்கிய 'தாய்' கார்க்கியின் நாவலைத் தழுவியது. தமிழில் தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பு வாயிலாக அந்நாவலை அறிந்தார் பலர் ஆதலின், இங்கு விரித்தல் வேண்டா. கூட்டத்தைத் தலைவனாக்கிய ஐசன்ஸ்டைனுக்கு மாறாகப் புதோவ்கின் ஒரு தாயின் முகத்தையே பற்றிக்கொண்டார் என்பது மட்டும் குறிக்கத்தக்கது.

1927ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெர்லின் நகரில் வெளியான 'மெட்ரோபோலிஸ்' இதற்கு நேர்மாறான முடிவினைத் தந்தது. பிரிட்ஸ் லாங் இயக்கிய இப்படத்தில் உழைப்போர் நிலத்தின் அடியிலும் ஆள்வோர் வானளாவிய மாடங்களிலும் வாழ்கின்றனர். எந்திரப் பெண் ஒருத்தி தொழிலாளரைத் தூண்ட, அவர்கள் எந்திரங்களை உடைக்கின்றனர். அதனால் தம் குழந்தைகள் இருக்கும் ஊரே வெள்ளத்தில் மூழ்கும் நிலை வருகின்றது. முடிவில் தேவாலயத்தின் முன்னே ஆள்வோனும் தொழிலாளர் தலைவனும் எதிரெதிர் நிற்க, ஆள்வோனின் மகன் இருவர் கைகளையும் பற்றி இணைக்கின்றான். மூளைக்கும் கைக்கும் இடையே நெஞ்சம் நடுவு நிற்றல் வேண்டும் என்பது கதை எழுதிய தேயா வான் ஆர்பூ அம்மையாரின் கருத்து. வேலை நேரம் குறைந்ததா, எந்திரத்தில் சிக்கி இறந்தார்க்கு ஈடு உண்டா என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. கை குலுக்கியவுடன் படம் முடிகின்றது. இம்முடிவு தமக்கு நிறைவளிக்கவில்லை எனப் பிற்காலத்தில் லாங் அவர்களே கூறியுள்ளார். கோவூர்கிழாரின் இடத்தில் இங்கு முதலாளியின் மகன் நிற்கின்றான். நடுவர் ஒரு பக்கத்தாரின் மைந்தன்! இவ்வமைப்பு பின்னர் எத்துணைப் படங்களில், நம் நாட்டுப் படங்களிலும், மீண்டும் மீண்டும் வந்தது என்பதைக் காணும்பொழுது, இதனை ஒரு படத்தின் குறை என்று ஒதுக்க இயலவில்லை.

சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தை நம் நாட்டு மக்கள் நன்கறிவர். சரக்கு வண்டியிலிருந்து விழுந்த எச்சரிக்கைக் கொடியை எடுத்து அசைத்துக்கொண்டு செல்பவன் பின்னே தொழிலாளர் ஊர்வலம் வந்து சேர, தலைவன் அவனே என்று காவலர் அவனைப் பிடிக்கின்றனர். இந்நகையின் உள்ளே ஒரு கசப்பு உண்டு. கொடி பிடித்தவன் எவனாயினும் சிறைக்குச் செல்வான் என்பது அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திரைப்படச் சட்டம் 1918ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் சட்டத்தின்கீழ்ப் பெருநகரங்களில் அமைந்த தணிக்கைக் குழுக்களுக்கு அந்நகரத்துக் காவல்துறை ஆணையரே தலைவராக விளங்கினார் என்பது தற்செயல் அன்று. ஆலை வாயிலில் கூட்டத்தைக் கலைக்க ஆணையிடும் அலுவலரே, அக்கூட்டத்தைத் திரையில் காட்டலாமா என்றும் முடிவு செய்தார். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் 1921ஆம் ஆண்டு நடந்த நெடிய போராட்டம், திரு. வி. க. போன்றோரின் எழுத்திலும் நினைவிலும் வாழ்ந்ததன்றி அக்காலத் திரையில் இடம்பெறாமைக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

எனினும் ஒருவர் முயன்றார். இந்தி, உருது இலக்கியத்தின் பேராசான் பிரேம்சந்த் 1934ஆம் ஆண்டில் பம்பாய் சென்று, அஜந்தா சினிடோன் நிறுவனத்திற்கு எழுதிய கதை 'மில்' அல்லது 'மஜ்தூர்' என்னும் பெயரில் மோகன் பவனானியின் இயக்கத்தில் படமாயிற்று. பிரேம்சந்த் தாமே அதில் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். அவ்வாண்டு பம்பாய் ஆலைத் தொழிலாளர் பெருவேலைநிறுத்தம் செய்த ஆண்டு. கதையில் ஆலை உரிமை இரு மக்களுக்கு வருகின்றது. மகன் கொடியவன், மகள் பத்மா இரக்கமுடையவள், அவள் தொழிலாளர் பக்கம் நிற்கின்றாள். அண்ணன் துப்பாக்கி எடுக்கின்றான், சிறை செல்கின்றான், ஆலை மீண்டும் இயங்குகின்றது, பத்மா தொழிலாளர் தலைவனை மணக்கின்றாள்.

முடிவை நோக்கின் இதுவும் கைகோத்தலே; பெர்லின் படத்தின் மைந்தன் இங்கு மகளாகியுள்ளான். இத்துணை மென்மையான முடிவும் அன்றைய அரசுக்குப் பொறுக்கவில்லை. பம்பாயில் படம் தடை செய்யப்பட்டது. தணிக்கைக் குழுவில் ஆலை உரிமையாளர் தரப்பினரும் இடம்பெற்றிருந்தனர். வேறு நகரங்களிலும் அது நெடுநாள் ஓட விடப்படவில்லை. காசியில் பிரேம்சந்த் நடத்திவந்த சரஸ்வதி அச்சகத்தில் ஊதிய நிலுவைக்காகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதும் வரலாறு. அப்படத்தின் தூண்டுதலே அதற்குக் காரணம் என்பாரும் உளர். அஃது எங்ஙனமாயினும், தொழிலாளர்க்காக எழுதிய பெரியார் ஒருவர், தம் அச்சகத்தில் முதலாளி நிலையில் இருந்து அவர்தம் பூசலை எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் பட்ட வறுமையும் கடனும் உலகறிந்தவை. அச்சுக் கோப்பவர்க்குக் கூலி வாராத வறுமையும் வறுமையே. பிரேம்சந்த் 1935ஆம் ஆண்டில் பம்பாயை விட்டு நீங்கினார். 1936ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் மறைந்தார். 'மஜ்தூர்' படத்தின் சுருள் எதுவும் இன்று கிடைக்கவில்லை. நாம் அதைப்பற்றிப் பேசுவதெல்லாம் எழுத்துச் சான்றுகளைக் கொண்டே.

படம் மறைந்தமையைக் கூறிய பின், மறைக்கப் பெரிதும் முயன்றும் மறையாத படமொன்றைக் கூறுதல் முறை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்' என்பது அது. 'மண்ணின் உப்பு' எனத் தமிழில் கூறலாம். இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் எம்பயர் ஜிங்க் நிறுவனத்தின் துத்தநாகச் சுரங்கத்தில் 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 15 திங்கள் நீடித்து 1952ஆம் ஆண்டு சனவரியில் முடிந்தது. தொழிலாளருள் மிகப் பெரும்பாலார் மெக்சிகோ வழியினர். ஆங்கில வழியினர் வாழ்ந்த வீடுகளில் குழாய்நீர் உண்டு. இவர்தம் வீடுகளில் இல்லை. போராட்டம் நடந்துகொண்டிருந்த 1951ஆம் ஆண்டு சூன் திங்களில், வேலைநிறுத்தம் செய்வோர் மறியல் நடத்தலாகாது என நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. மீறினால் சிறை, பணிந்தால் மறுநாளே புது ஆட்கள் சுரங்கத்துள் இறங்குவர். அவ்விடத்தில் பெண்கள் எழுந்தனர். தடையாணை தொழிலாளரையே கட்டுப்படுத்தும். அவர்தம் மனைவியரை அன்று. எனவே மறியல் வரிசையில் மனைவியர் நின்றனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது; மகளிரும் குழந்தைகளுமாகப் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர்; வரிசை கலையவில்லை.

இவ்வரலாற்றைப் படமாக்கியோர் தாமும் வேலை மறுக்கப்பட்டவர்கள். இயக்குநர் எர்பர்ட் பைபர்மன், அமெரிக்கச் சட்டமன்றக் குழுவின் வினாக்களுக்கு விடை மறுத்துச் சிறை சென்ற பதின்மருள் ஒருவர். கதை எழுதிய மைக்கேல் வில்சனும் படம் எடுப்பித்த பால் சாரிக்கோவும் ஆலிவுட் நிறுவனங்களின் விலக்குப் பட்டியலில் இருந்தோர். நடித்தவருள் தொழில்முறை நடிகர் கைவிரலால் எண்ணத்தக்க சிலரே. ஏனையோர் அச்சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும். கதைத்தலைவன் ரமோனாக நடித்த உவான் சக்கோன், போராட்டம் நடத்திய தொழிற்சங்கக் கிளையின் தலைவர். தலைவி எசுபெரான்சாவாக மெக்சிகோ நாட்டு நடிகை ரொசாவுரா ரெவுவெல்தாசு நடித்தார். வில்சன் எழுதிய கதை தொழிலாளர் கூட்டத்தில் படிக்கப்பெற்று, அவர்கள் கூறியவாறு திருத்தப்பெற்றது. லூமியேர் வாயிலில் நின்ற கருவியின் நிலை இங்குத் தலைகீழாயிற்று.

கதையின் நுட்பம் எங்கே இருக்கின்றது? சுரங்கத்தார் தம் கோரிக்கைகளில் பாதுகாப்பை முன்வைக்கின்றனர். மகளிரோ வீட்டுக்குக் குழாய்நீரும் கழிநீர் வசதியும் வேண்டுமென்கின்றனர். ஆடவர் அதனைச் சிறு பொருளாக எண்ணிப் பின்னுக்குத் தள்ளுகின்றனர். விறகு பிளந்து நீர் காய்ச்சும் வேலையின் சுமையை ரமோன் அறியான். மகளிர் மறியலுக்குச் சென்றபின், குழந்தையும் துணிக்குவியலுமாக வீட்டில் நின்று, கொடியில் துணி உலர்த்தும்பொழுதே அச்சுமை அவனுக்குத் தெரிகின்றது. அறியுங்காலும் உடனே திருந்துவானல்லன், சினக்கின்றான், மனைவியை அடிக்கக் கை ஓங்குகின்றான். முதலாளி உன்னை நடத்துமாறே நீ என்னை நடத்துகின்றாய் என்னும் பொருள்பட அவள் கூறும் விடை, இப்படம் முழுமைக்கும் உயிர். பூசல் ஒன்றன்று, இரண்டு என்பதைப் படம் நேராக ஒப்புக்கொள்கின்றது. மகளிர் வாக்களிக்க இயலாத சங்கக் கூட்டத்தைக் கலைத்து, அதனை ஊர்க்கூட்டமாக மாற்றி, அவர்களுக்கும் வாக்களிக்கும் காட்சி எளிமையாலேயே பெருமை பெறுகின்றது.

முடிவும் கருதத்தக்கது. ரமோன் குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றக் காவலர் வருகின்றனர். தட்டுமுட்டுப் பொருள்களை முன்வாயிலில் கொண்டு வைக்கின்றனர். அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து, அவற்றை எடுத்து மீண்டும் வீட்டினுள்ளே வைக்கின்றனர். வெளியே வைத்தலும் உள்ளே எடுத்தலுமாகச் சிறிது நேரம் செல்கின்றது; கூட்டம் பெருகுகின்றது; காவலர் திரும்புகின்றனர். கை குலுக்கல் இல்லை, முதலாளியின் மகனோ மகளோ வரவில்லை, குருதியும் சிந்தவில்லை. நிறுவனம் இப்போதைக்கு இணங்குவதென முடிவு செய்கின்றது. 'இப்போதைக்கு' என்னும் அவ்வரையறையை விடாமல் வைத்தமையே வில்சனின் நேர்மை.

படம் திரைக்கு வந்த வரலாறு, அது கூறும் வரலாற்றினும் கடிது. 1953ஆம் ஆண்டில் படப்பிடிப்பு நடக்கும்பொழுதே சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் அதனைப் பழித்துரைத்தார். ரெவுவெல்தாசு அம்மையார் குடிவரவுத் துறையினரால் கைதாகி, மெக்சிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய காட்சிகள் சிலவற்றை அவரில்லாமலும், சிலவற்றை எல்லைக்கு அப்பாலும் எடுக்க வேண்டியதாயிற்று. செல்வர் ஆவர்டு இயூசு, இப்படத்தைத் தடுக்கும் வழிகளை ஒரு கடிதத்தில் வகுத்துக் காட்டினார். படச்சுருள் கழுவுவோர், ஒலி சேர்ப்போர் என ஒவ்வொரு நிலையிலும் மறுத்தால் போதும் என்பது அவர் கூறிய வழி. அவ்வாறே பல நிலையங்கள் மறுத்தன. 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கில் வெளியானபின்னும் மிகச் சில அரங்குகளிலேயே ஓடிற்று. திரையரங்குகளில் கருவி இயக்குவோர் அதனை ஓட்ட மறுத்தனர். அவர்களும் தொழிற்சங்கத்தினர், மறுப்பு அவர்தம் சங்கத்தின் வழியாகவே வந்தது. இதனை எழுதும்பொழுது எம் உள்ளம் தயங்குகின்றது. தொழிலாளர் பற்றிய படத்தைத் தொழிலாளர் சங்கமே அடைத்தது என்பதைத் திரித்துக் கூறவும் இயலாது. அச்சத்தின் காலம் அது என்று கூறிக் கடந்து செல்லவும் மனம் ஒப்பவில்லை. சதிக்கு எதிராகப் படத்தார் தொடுத்த வழக்கு 1964ஆம் ஆண்டில் தோற்றது. 1992ஆம் ஆண்டில் அதே நாடு தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத்தக்க படமாக அதனைச் சேர்த்துக்கொண்டது.

தோல்வியை மறையாது காட்டிய மற்றொரு படத்தையும் ஈண்டுக் குறிக்கலாம். மாரியோ மோனிசெல்லி 1963ஆம் ஆண்டில் இத்தாலியில் எடுத்த 'இ கொம்பாஞி' (தோழர்கள்) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூரின் நகரத்து நெசவாலைப் போராட்டம் பற்றியது. 14 மணி நேர வேலையில் ஒரு மணியைக் குறைக்கவே அவர்கள் போராடுகின்றனர். நகைச்சுவையாகவே நடக்கும் கதையில் திடீரெனத் துப்பாக்கி வெடிக்கின்றது. ஓர் இளைஞன் மடிகின்றான். முடிவில் ஆலைச் சங்கு ஊதுகின்றது. அண்ணன் பள்ளிக்கு அனுப்ப விரும்பிய சிறுவன், அண்ணன் இடத்தில் வேலைக்கு நுழைகின்றான்.

தமிழ்த் திரைக்கு 1960ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டுப் பொங்கலையொட்டி எஸ். எஸ். வாசனின் 'இரும்புத்திரை' வெளிவந்தது. நவம்பரில் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' வெளிவந்தது. முன்னது பெருநிறுவனமாகிய ஜெமினியின் படம். சிவாஜி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்தது. 'பைகாம்' என்னும் பெயரில் இந்தியில் 1959ஆம் ஆண்டிலேயே வந்த கதை. பின்னது இடதுசாரிக் கலைஞர் பலர் கூடி, குமரி பிலிம்ஸ் என்னும் பெயரால் எடுத்தது. இரயில்வேத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. மைய அரசு ஊழியரும் இரயில்வேத் தொழிலாளரும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்த சூலைத் திங்களுக்கு நான்கு திங்கள் கழித்து அது திரைக்கு வந்தது.

'இரும்புத்திரை' கதையில் ஆலைத் தொழிலாளர்க்கு உரிய பங்கு மறைக்கப்படுவதைப் படித்த இளைஞன் கண்டுணர்ந்து சங்கம் அமைக்கின்றான். முதலாளியிடம் நன்றியுணர்வு கொண்ட அண்ணன் அதனை எதிர்க்கின்றான். அண்ணன் தம்பி முரணை வாசன் நன்கு வளர்த்துள்ளார். உண்ட உப்பை நினைத்தல் என்னும் நம் பழைய அறம், ஆலையில் எவ்வாறு தளையாக மாறுகின்றது என்பதை அப்பகுதி உணர்த்துகின்றது. ஆயின் கதைத்தலைவியின் தந்தை அம்முதலாளியே என்பது வெளிப்பட்டவுடன் பூசலின் இயல்பு மாறிவிடுகின்றது. கணக்கேட்டில் தொடங்கிய வழக்கு, கைவிடப்பட்ட மனைவிக்கும் மகளுக்கும் உரிய நீதியாக உருமாறுகின்றது. கோவூர்கிழாரின் காரணம் செல்லவேண்டுமாயின் பொருவோர் ஒரு குடியினர் ஆதல் வேண்டும் என்றோம். திரைக்கதையாளர் அக்குடியைப் படைத்தே விடுகின்றனர்! முதலாளி தந்தையானபின் அவனோடு போரிடுவது எங்ஙனம்? பம்பாயில் பத்மாவும், பெர்லினில் ஆள்வோன் மகனும் ஆற்றிய பணியையே இங்கு இத்தலைவி ஆற்றுகின்றாள். இதனை வாசனின் தந்திரம் எனச் சிலர் பழிப்பர். யாம் அங்ஙனம் கருதவில்லை. குடும்பக் கதையன்றிப் பிறிதொரு வடிவில் பெருந்திரளான மக்களுக்குக் கதை சொல்லும் வழியை அன்றைய திரையுலகம் அறிந்திருக்கவில்லை. வழியறியாமை ஒன்று; ஏமாற்றுதல் மற்றொன்று.

இரு படங்களையும் இணைக்கும் பெயர் ஒன்று உண்டு. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் இரண்டிற்கும் பாடல் எழுதினார். 1959ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிலேயே, முப்பதாண்டு நிரம்பாத அகவையில் அவர் மறைந்தமையால், இரண்டின் வெளியீட்டையும் அவர் காணவில்லை. வாங்கிய கூலி நிலையாமல் கரைந்துபோவதைப் பற்றி 'இரும்புத்திரை'யில் அவர் எழுதிய பாடல், கதையின் இறுதியில் வரும் இணக்கத்தைவிட நெடுநாள் மக்கள் நாவில் நின்றது. கதை மறந்தார்க்கும் பாடல் மறக்கவில்லை. தமிழ்ப் படங்களில் போராட்டத்தின் உண்மை பல இடங்களில் கதையை விட்டுப் பாடலுக்குள் புகுந்து வாழ்கின்றது என்பது எம் கருத்து. இதனைத் தனியே ஆராய்வார் வேண்டும்.

'பாதை தெரியுது பார்' இயக்கிய நிமாய் கோஷ் வங்காளத்தார். பிரிவினையால் ஊரிழந்த மக்களைப் பற்றி 'சின்னமூல்' என்னும் படத்தை 1950ஆம் ஆண்டில் எடுத்தவர். பின்னர்ச் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். இப்படத்தில் செயகாந்தனும் கே. சி. எஸ். அருணாசலமும் பாடல் எழுதினர், எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். கே. விஜயன் கதைத்தலைவனாக நடித்தார். நட்சத்திர நடிகர் எவரும் இலர். அவ்வாண்டுத் தேசிய விருதுகளில் தமிழ்ப்படங்களுள் 'பார்த்திபன் கனவு' வெள்ளிப் பதக்கம் பெற, இதற்கும் 'களத்தூர் கண்ணம்மா'வுக்கும் நற்சான்றிதழ் கிடைத்தது. அரங்குகளில் அது ஓடவில்லை. எடுத்தவர் பொருளிழந்தனர், அத்தகைய கூட்டு முயற்சி நெடுங்காலம் மீண்டும் எழவில்லை.

1964ஆம் ஆண்டில் 'தொழிலாளி', 'படகோட்டி' முதலிய படங்கள் வந்து பெருவெற்றி கண்டன. அவற்றில் உழைப்போர் துயரம் உண்டு, ஒற்றுமையும் பேசப்படுகின்றது. ஆயின் போராட்டம் தலைவன் ஒருவனின் தோளுக்கு மாறிவிட்டது. கூட்டம் அவன் பின்னே நின்று காண்கின்றது. அப்படங்களின் அரசியற் பயனை ஆராய்வது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

நிமாய் கோஷும் சீனிவாசனும் மேற்கொண்ட வேறு பணியைத் திரைப்பட வரலாறு எழுதுவோர் அடிக்குறிப்பாகவே வைத்துவிடுகின்றனர். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் அமைப்பை உருவாக்குவதில் கோஷ் முன்னின்றார். திரையிசைக் கருவி வாசிப்போர்க்கெனச் சங்கம் அமைய உழைத்தவர் சீனிவாசன். படங்களின் தொடக்கத்தில் பெயர் காட்டப்பெறாமல், நாட்கூலிக்கு வயலினும் தபலாவும் வாசித்துச் சென்ற அக்கலைஞர்களின் பூசல் எப்படத்திலும் கதையாகவில்லை. அதன் முடிவு ஊதியப் பட்டியல்களிலும் சங்கக் குறிப்பேடுகளிலும் கிடக்கின்றது.